பரிகாரமாக ஒரு நல்ல வார்த்தை

அத்தியாயம் 17

“இன்னைக்குச் சாயங்காலப் பூசைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள, மாடியில இருக்கிறவளை ஊரே கேட்கிற மாதிரி வாயாரப் புகழ்ந்துடுவேன். பாத்துக்கிட்டே இருங்க!”

தையல்காரி இப்படிச் சொன்னதும், அவள் புருஷன் குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கு வழியாக வெளியே வந்தது. வந்த வேகத்தில் எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில் இந்த மாதத்தை முழுசாக நனைத்து, அடுத்த மாதத்தின் முதல் வாரம் வரைக்கும் ஊறிப்போனது.

“யாரு, நீயா? அவளையா?”

“நான்தான். அவளைத்தான்.”

“அம்மாடி, நீ அவளைப் புகழ்ந்தா, எங்க லிஃப்ட் எல்லாம் கயிறே இல்லாம மேல போகும்.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். கல்யாணத்தன்று இவள் ‘சம்மதம்’ என்று சொன்னதும், “சாமி, சரியாக் கேட்டுதா? இன்னொரு தடவை கேட்டுடுங்களேன்” என்று பீடத்தின் முன்னாலேயே சந்தேகம் கிளப்பிய ஆள்.

“என் காதால கேட்டாத்தான் நம்புவேன்,” என்றார். “கேட்டாலும், பக்கத்துல இருக்கிறவங்களையும் விசாரிச்சுட்டுத்தான்.”

“விசாரிச்சுக்குங்க.”

மேசைக்கு அடியில் அவளுடைய வலதுகால் டக்டக்கென்று தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இல்லாத தையல் மிஷினை மிதிக்கும் கால் அது. கோபம் வந்தால் மிதிக்கும், யோசித்தால் மிதிக்கும், தூக்கத்திலும் மிதிக்கும். அந்தக் காலின் புண்ணியத்தில் அவள் புருஷன் ராத்திரியெல்லாம் கட்டிலின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடத்தில் தொங்கிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்.

மாடியில் இருக்கிறவள் யாரென்று வாசகர்களுக்கு மறந்திருக்காது. கொழுந்தனின் மனைவி, தையல்காரிக்கு ஓரகத்தி. ஐந்து வாரத்துக்கு முன்னால் இரண்டு சூட்கேஸ், மூன்று அட்டைப்பெட்டிகளோடு புருஷனும் பெண்சாதியுமாக வந்து இறங்கினார்கள். இருந்த நல்ல வீட்டை ஏன் காலி செய்தார்கள் என்று இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பெட்டிகளைப் பிரித்தாயிற்று. மூன்றாவது மட்டும் ஒரு சின்னப் பூட்டுப் போட்டுக்கொண்டு மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்கு ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்லும் வேலை. வீட்டில் வைத்த பேர் ‘மைக்’. அந்தக் குரலைப் பற்றி என்ன சொல்ல! வண்டி நாலு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால், ஜனங்கள் ‘அதுக்கென்ன, இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கட்டுமே’ என்று பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். வண்டி வந்த பிறகும் ஏறாமல் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

அந்தக் குரல்தான் தையல்காரியின் வயிற்றில் இஸ்திரிப்பெட்டியை வைத்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஊர் மாதா கோயிலில், பூசையில் பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகம் என்றால் தையல்காரிதான். மழை, காய்ச்சல், பல்வலி எதுவந்தாலும் அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசை முடிவில், “வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நம்ம மறைமாவட்டத்து ஆயர் வர்றார். அன்னைக்கு முதல் வாசகத்தை நம்ம பங்குக் கோயிலுக்குப் புதுசா வந்திருக்கிற சகோதரி வாசிப்பாங்க” என்று சொன்னார். கோயிலே திரும்பி மைக்கைப் பார்த்தது. மைக் தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். கூரையில் எத்தனை விட்டங்கள் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பதினாலு.

வெள்ளிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டாள்.

“சாமி, பொறாமை.”

“எத்தனை தடவைம்மா?”

“ஒரே தடவைதான் சாமி. போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிச்சுது. இன்னும் முடியலை.”

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் நெடுநேரம் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் கைதேர்ந்தவர்.

ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை பரிகாரமாக வரும் என்று தையல்காரி எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

“ஜெபமெல்லாம் நீ ஊசியில நூல் கோக்கிற வேகத்துல முடிச்சிடுவே. அதனால அது வேண்டாம். நாளைக்குப் பூசையில நன்மை அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேருக்கு நேரா ஒரு நல்ல வார்த்தை சொல்லு. உண்மையா இருக்கணும். புடவை, செருப்பு இதெல்லாம் சேராது. அவங்களைப் பத்தி இருக்கணும்.”

“முழு ஜெபமாலையும் பத்து தடவை சொல்லிடறேனே சாமி?”

“இங்க பேரம் கிடையாதும்மா.”

“சொன்னப்புறமும் பொறாமை போகலைன்னா?”

“போகாட்டி போகுது. அது வந்தா, உட்காருன்னு நாற்காலி எடுத்துப் போடாதே. அவ்வளவுதான்.”

அந்தப் பரிகாரத்தைத்தான் இவள் சனிக்கிழமை காலையில் ‘ஊரே கேட்கிற மாதிரி’ என்று ஊதிப் பெரிதாக்கிப் புருஷனிடம் சவால் விட்டிருந்தாள்.

ஏழரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். மைக் இறங்கி வந்தாள். நீலக் கோட்டு, வாரி முடித்த கொண்டை.

“அக்கா, கெளம்பறேன். அஞ்சு மணிவரை டூட்டி. அங்கேயிருந்து நேரா கோயிலுக்கு வந்துடறேன். கையெல்லாம் சில்லுன்னு இருக்குக்கா.”

புருஷன் பேப்பரை ஒரு அங்குலம் கீழே இறக்கினார். தையல்காரி எழுந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்தாள்.

“உன்...”

“என்னக்கா?”

“உன்னோட...” தையல்காரியின் முகம் சிவந்தது. நெற்றியில் வியர்வை கோத்தது. பிரசவ வலியில்கூட அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை. “உன்னோட கோட்டுல பின்பக்கம் மடிப்புக் கலைஞ்சிருக்கு!”

“ஐயோ, அப்படியா? தேங்க்ஸ்க்கா.” மைக் கோட்டை நீவிக்கொண்டே போய்விட்டாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “ஊர் கேட்டுதா? எனக்கே சரியாக் கேட்கலை.”

“உங்களுக்கு இன்னைக்கு வேலை கெடையாதா?”

“இருக்கு. ஸ்டேஷன்ல ரெண்டாம் பிளாட்பாரம் லிஃப்ட். போற வழியில கயிறில்லாத லிஃப்ட் எதாவது பறக்குதான்னு பாத்துக்கிட்டே போறேன்.”

கடையைத் திறந்தால் அங்கேயும் நிம்மதியில்லை. பேன்ட் உயரம் குறைக்கக் கொடுத்த மனிதர், “உங்க வீட்டு ஆளாமே ஸ்டேஷன்ல பேசறது! என்ன குரலும்மா! என் மாமியார் ஊருக்குப் போற வண்டியைக்கூட இனிமையாச் சொல்றாங்க” என்று உருகினார். தையல்காரி சிரித்தபடியே கத்தரித்தாள். வேண்டியதற்குமேல் ஒன்றரை அங்குலம் போயிற்று. தப்பு உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கால்களிலும் ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, அந்தப் பேன்ட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடலாம்.

மூன்றரை மணிக்குக் கோயில்.

சனிக்கிழமைதோறும் பீடத்துத் துணிகளை இஸ்திரி போட்டு விரிப்பதும், பெரிய வாசகப் புத்தகத்தில் நாளைய ஞாயிற்றுப் பக்கத்துக்குச் சிவப்பு நாடாவை மாற்றி வைப்பதும் அவள் பொறுப்பு; சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கும் அதே வாசகம்தான். பூசைக்கு உடை மாற்றும் அறையில் யாருமில்லை. சாமியார் ஆயரை அழைத்துவரப் போயிருந்தார். துணியை மடித்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

திறந்த கை அப்படியே நின்றது.

அந்தப் புத்தகத்தில் மூன்று வருடச் சுற்று உண்டு. ஒரே ஞாயிற்றுக்கு மூன்று வாசகங்கள் அடுத்தடுத்து இருக்கும், வருடத்துக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை மைக் கடைக்கு நோட்டுப்புத்தகத்தோடு வந்து, “அக்கா, என்னோடது எந்தப் பக்கம்?” என்று கேட்டபோது, தையல்காரி தலையைக்கூடத் தூக்காமல், கடையில் வைத்திருக்கும் பழைய பிரதியைப் புரட்டி, “இதுதான்” என்று விரலால் தட்டினாள். மைக் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய், நாலு நாளும் மாடியில் வாசித்துப் பழகினாள். வறண்ட நிலம், பொங்கும் ஊற்று என்று தேனாக ஒழுகும் வாசகம்.

அது போன வருடத்துடையது.

இந்த வருடத்துடையது ராஜாக்களும் ஊர்களுமாக ஒரே பத்தியில் ஒன்பது பெயர்கள். ஒவ்வொன்றும் நாக்கில் சுளுக்கு விழ வைக்கும். ஐந்தாவது பெயரில் தையல்காரியே முதல் வருடம் தடுக்கி விழுந்து, எழுந்திருக்கக் கால் நிமிஷம் ஆனது.

அறைக்குள் கடிகாரம் ஓடியது. தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

மனசுக்குள் வாசகம் ஓடியது, வேறுவகை வாசகம். நாடாவைச் சரியான பக்கத்தில் வைத்தால் போதும். அதுதானே உன் வேலை? மைக் மேடையேறுவாள். தெரியாத பக்கத்தைப் பார்ப்பாள். ஆயர் முன்னால் அந்தத் தேன் குரல் முள்ளில் மாட்டிய சேலையாகக் கிழியும். சாமியார் பதறிப்போய்ச் சுற்றிப் பார்ப்பார். முன் வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்? அந்த ஒன்பது பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள். ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் தரையை மிதித்தது. பத்து நிமிஷம் போனது.

முகத்தைத் துடைக்கக் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். மடிப்புக்குள்ளிருந்து என்னவோ தரையில் விழுந்து உருண்டது. தொண்டை மிட்டாய். இருபத்திரண்டு வருடமாக வாசகத்துக்கு முன் வாயில் போட்டுக்கொள்ளும் அதே பச்சைத் தாள் மிட்டாய். காலையில் அவள் கையாலேயே மடித்து வைத்தது.

வாசிக்கப் போகாத வாய்க்கு மிட்டாய் எதற்கு?

தையல்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் மாறியது அவளுக்கு இப்போதுதான் தெரியும். ஆனால் மிட்டாயைக் காலையிலேயே எடுத்து வைத்தாயிற்று. மைக் தடுக்கி விழுவாள் என்று இவள் விடியும்போதே காத்திருந்திருக்கிறாள். சாமியார் நாற்காலி போடாதே என்றார்; இவள் நாற்காலி போட்டு, மெத்தை விரித்து, காப்பியும் கலந்து கொடுத்திருக்கிறாள்.

“ஆண்டவரே, இது கேவலம்,” என்றாள் வாய்விட்டு.

போனில் கூப்பிட்டுப் பயனில்லை. டூட்டி நேரத்தில் மைக்கின் போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். தையல்காரி புத்தகத்தைத் தூக்கிப் பேன்ட் இருந்த பையிலேயே திணித்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்த இரண்டு பஸ்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன. மூன்றாவது பஸ் தோற்றுப்போனதை ஒத்துக்கொண்டு நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது.

நாலு இருபதுக்கு அவள் ஸ்டேஷன் மாடியில் அறிவிப்பு அறைக் கதவைத் தள்ளினாள். கண்ணாடித் தடுப்பு, அதன் கீழே மூன்று பிளாட்பாரம், மேசைமேல் ஒலிவாங்கி. மைக் திடுக்கிட்டு எழுந்தாள்.

“அக்கா! யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்லை. எனக்குத்தான்.” மூச்சு வாங்கியது. “செவ்வாய்க்கிழமை உனக்குத் தப்பான பக்கத்தைக் காட்டிட்டேன். நீ பழகினது போன வருஷத்துது.”

மைக்கின் முகம் வெளுத்தது. “வேணும்னேவா அக்கா?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லலாம். முக்கால்வாசி உண்மைதான்.

“காட்டினது வேணும்னு இல்லை. ஆனா இன்னைக்குத் தெரிஞ்சப்புறம் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது வேணும்னேதான்.”

மைக் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள். மேசைக்கு அடியில் காலை நீட்டி எதையோ மிதித்து, மூன்றாம் பிளாட்பாரத்து வண்டியைப் பற்றி அதே தேன் குரலில் அறிவித்தாள். காலை எடுத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உட்காருங்கக்கா. இங்க வெளிச்சம் நல்லா இருக்கு. ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க.”

தையல்காரி உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய வலதுகால் பழக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தது. மிதிகட்டை. இருபத்தெட்டு வருடத் தையல்காரியின் கால், மிதிகட்டையைக் கண்டால் என்ன செய்யும்? மிதித்தது. சந்தோஷமாக, அழுத்தமாக, விடாமல் மிதித்தது.

அது ஒலிவாங்கிக்கான மிதி என்று தையல்காரிக்குத் தெரியாது. மிதிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. மைக்கோ புத்தகத்தின்மேல் குனிந்திருந்தாள்.

ஒன்பது பெயர்களும் மூன்று பிளாட்பாரத்திலும் முழங்கின.

கீழே ஜனங்கள் பெட்டிகளைத் தூக்கினார்கள். “இதெல்லாம் எந்த லைன்லங்க இருக்கு?” என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். ஐந்தாவது பெயருக்கு டிக்கெட் வேண்டும் என்று இரண்டு பேர் கவுன்டரில் வரிசை கட்டிவிட்டார்கள்.

“ஐயோ அக்கா, இது என்னால ஆகாது,” என்றாள் மைக். “நீங்களே வாசிச்சிடுங்க. சாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். நிஜமாத்தான்.”

தட்டில் வைத்து நீட்டிவிட்டாள்! ஆறு நாளாக வயிறு எரிந்தது எதற்காகவோ, அது இதோ. ‘சரி’ என்ற ஒரு சொல் போதும்.

தையல்காரி கைக்குட்டையை அவிழ்த்து, பச்சைத் தாள் மிட்டாயை எடுத்து ஓரகத்தியின் கையில் வைத்தாள்.

“இதை வாயில போட்டுக்க. அஞ்சாவது பேரை ரெண்டாப் பிரிச்சுக்க, நடுவுல மூச்சு விடு. மத்ததெல்லாம் உனக்குத் தானா வரும். நான் இருபத்திரண்டு வருஷமா வாசிக்கறேன். எல்லாரும் என்னைப் பார்க்கணும்னு வாசிப்பேன். நீ புதன்கிழமை மாடியில வாசிச்சப்போ நான் கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டேன். கோபத்துலதான்னு நெனச்சேன். கோபமில்லைடி, கேட்கணும்போல இருந்துது. அதே வாசகத்தை நானே எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன். என்கிட்டயே சொல்ற மாதிரி ஒரு நாளும் என் காதுல விழுந்ததில்லை. நீ வாசிச்சப்போதான் விழுந்துது. நீ சொன்னா மனுஷனுக்குள்ள போகுது. அதுதான் எனக்குப் பொறுக்கலை. பொறாமையில வெந்துபோயிட்டேன். போதுமா? இன்னும் வேகுது. ஆனா சொன்னது அத்தனையும் உண்மை.”

மைக்கின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளத் தலையைத் திருப்பியவள், சுவரில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

“அக்கா... காலை எடுங்க.”

“என்ன?”

“கால்! காலை எடுங்கக்கா!”

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்கள். மூன்று பிளாட்பாரமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். புறப்பட வேண்டிய வண்டியின் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஹாரனை ஒரு தடவை அடித்தார். இரண்டாம் பிளாட்பாரத்தில், பாதி வழியில் நின்றிருந்த லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பானர் டணாரென்று விழுந்தது.

தையல்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஓரகத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒரு நிமிஷம் கழித்து மூடிய கைகளுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது.

சிவப்பு விளக்கு அணைந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டு, மைக் மெதுவாகச் சொன்னாள். “அக்கா, இந்த வாசகத்தை சாமியார் தானாக் குடுக்கலை. நானாத்தான் போய்க் கேட்டு வாங்கினேன். ஏன்னு பூசை முடிஞ்சதும் சொல்றேன், உங்ககிட்ட மட்டும்.” கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “மூணாவது பெட்டியோடது. அதுவரைக்கும் நீங்க வச்சிருங்க.”

ஆறு மணிப் பூசை. ஆயர், பூக்கள், நிரம்பி வழியும் கோயில். மைக் மேடையேறினாள். கன்னத்தில் மிட்டாய் ஒதுங்கிய அடையாளமாக ஒரு சின்ன மேடு. முதல் நாலு பெயர்களும் தண்ணீராக ஓடின. ஐந்தாவதை இரண்டாகப் பிரித்தாள், நடுவில் மூச்சு விட்டாள். கற்றுக்கொடுத்தவளைவிட நன்றாக விட்டாள்.

முன் வரிசையில் தையல்காரிக்குள் அந்தப் பொறாமை எழுந்தது. வாசல் வரை வந்து நின்று, உட்கார இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. அவள் நாற்காலி போடவில்லை. போ என்று விரட்டவும் முடியவில்லை. அது நின்றுகொண்டே இருந்தது. இவள் வாசகத்தைக் கேட்டாள். கால் அசையாமல் இருந்தது.

வாசகம் முடிந்து மைக் தலைகுனிந்தபோது, கையில் கிரீஸோடு ஒரு ஆள் பெஞ்சில் இடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நேராகப் பீடத்தையே பார்த்தார். தையல்காரி உள்ளங்கைக்குள் சாவியை இறுக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

“என்ன?” என்றாள் கிசுகிசுவென்று.

“கேட்டேன்.”

“கேட்டா நம்பமாட்டீங்களே.”

“நம்பலை. லிஃப்டைக் கீழ இறக்கிட்டு, மூணு பிளாட்பாரத்துலயும் ஆளுக்கு ஒருத்தரை விசாரிச்சேன்.” அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மூணு பேரும் ஒண்ணேதான் சொன்னாங்க. நீ சொல்லிட்டே. ஊரே கேட்டுது. நடந்தது நெசந்தான்.”